உறைபனிக் காவல்

ஏப்ரல் மாதம், இரவு இரண்டு மணி.
அடிஜே ஆற்றங்கரை ஆப்பிள் தோட்டத்தில்
பூக்கள் குளிரில் சாகாமலிருக்க
அவற்றைப் பனிக்கட்டிக்குள் பூட்டுவோம்.
கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்,
லித்துவேனியாவிலிருந்து வந்த முதல் வருடம்.
உறையும் தண்ணீர் கொஞ்சம் சூட்டைக் கைவிடும்,
அந்தக் கொஞ்சத்தில் ஒரு பூ பிழைத்துக்கொள்ளும்.

தண்ணீர் முறைவைத்து வரும்,
மேல்தோட்டம் முடித்த பிறகு எங்களுக்கு.
செல்போன்கள் குளிரில் செத்துப்போன அன்று
ருஜ்ஜேரோ இருட்டுக்குள்ளிருந்து கத்தினார்:
"டாங்குவோலே, அவள் முகட்டைத் தொட்டதும்
வால்வைத் திற!"

முகட்டையே பார்த்து நின்றேன்.
அவர் மனைவி நோட்புர்கா ஏறி வரக் காணோம்.
டார்ச் வெளிச்சம் இல்லை, நாய் குரைக்கவில்லை.
பாதி நிலவு மட்டும் இறங்கினான்,
தொட்டான்,
மறைந்தான்.

ஆம், மறைந்தான்.
எங்கள் ஊரில் ஞாயிறு பெண், அவள் புருஷன் இவன்.
அவள் விடியலில் எழுந்து வேலைக்குப் போக
இவன் படுத்துக் கிடந்து விடிவெள்ளியிடம் மயங்கினான்.
இடியின் தெய்வம் வாளெடுத்து
இரண்டாகப் பிளந்தது.
அன்றிலிருந்து பாதியாகத் திரிகிறான்.
மாதத்துக்கும் அவனுக்கும் எங்களிடம் ஒரே சொல்.
நார்வே மீன்துறைமுகத்தில் இருக்கும் வைதேனிஸ்
மகளுக்கென்று திங்கள்தோறும் பணம் அனுப்பினான்:
முதலில் முழுசாக, பிறகு பாதி,
பிறகு நகக்கீற்றளவு.
இப்போது அமாவாசை.

இப்படிப்பட்டவனைப் போய்
ஒருவர் 'அவள்' என்பார் என்று
நான் எப்படி நினைப்பேன்?

பதினோரு நிமிடம் தாமதம்.
கீழ்வரிசையிலிருந்து ஓடிவந்த நோட்புர்கா
வால்வைத் திருகியபடி திட்டியது என்னை அல்ல.
"ஞாயிற்றுக்கிழமை சுள்ளி பொறுக்கியதற்காக
மேலே தூக்கி வைக்கப்பட்ட கிழவனய்யா அவன்!
முதுகில் கட்டு தெரியவில்லையா உனக்கு?"
"வில்லோடு திரியும் வேட்டைக்காரி அவள்.
என் அம்மா முடிவெட்டக்கூட
அவளிடம்தான் நாள் கேட்பாள்."
ஜெர்மன் ஒரு பக்கம், இத்தாலியன் ஒரு பக்கம்,
பத்தொன்பது வருடக் குடித்தனம்.
இந்தப் பள்ளத்தாக்கில் ஊர் ஒவ்வொன்றுக்கும்
பலகையில் இரண்டு பெயர்.
பலகை நட முடியாத ஒன்றுக்காக
அன்று நனைந்தபடி சண்டையிட்டார்கள்.

பம்புக்கருகே இத்தர் குனிந்திருந்தான், அட்லஸ் மலைக்காரன்.
"எங்களுக்கும் ஆண்தான்," என்றான்,
"மாதமும் அதே சொல்தான்.
ஆனால் பெண்ணின் முகத்தைப் புகழ
அவனைத்தான் இரவல் வாங்குவோம்."
சொல்லிவிட்டு அடைத்துக்கொண்ட வடிகட்டியை
ஒரு உதை விட்டான்.
தண்ணீர் சீறியது.

விடிந்தபோது மரங்கள் கண்ணாடியாய் நின்றன.
வரிசைக்குப் பத்துப் பூ பறித்து
கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தோம்.
ஆப்பிள் பூவில் ஆணும் பெண்ணும் ஒரே வீடு:
சுற்றிலும் மகரந்தத் தாள்கள், நடுவில் சூல்தண்டு.
குளிர் வந்தால் முதலில் கறுப்பது அந்த நடுதான்.
மேல்வரிசை பச்சை, பச்சை, பச்சை.
கடைசி வரிசையில் பத்துக்கு ஏழு கருப்பு.
நோட்புர்கா எண்ணிக்கையை உள்ளங்கையில் எழுதினாள்.
ருஜ்ஜேரோ காப்பி கொண்டுவந்து நீட்டி
"இனி மணி சொல்கிறேன்" என்றார், யாரையும் பாராமல்.

மறுநாள் இரவும் மைனஸ் மூன்று.
வாள்வெட்டுப் பக்கம்
ஒரு நூலளவு சதை வளர்ந்து,
நேற்றைவிடத் தாமதமாக முகட்டை நெருங்கும் வெளிச்சம்.
வால்வின் இரும்பு கையுறையைத் தாண்டிச் சுட்டது.
பெயர் சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.
புறம் பேசினால்தானே ஆண், பெண் என்ற வம்பு?
நேருக்கு நேர் பேசினால் அது இல்லை.

"இறங்கு," என்றேன்.
"மெதுவாக. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."